வாயிலை அடைத்தது யார்? மூடிய கற்பனை நாடு ஒன்றின் தோற்ற வரலாறு

ஜனவரி 6, காலை (வாசகர் கேள்வி)

மிகுபுனைவு நாவல் ஒன்றுக்காக, மலைகள் சூழ்ந்த ஒரு நாட்டை உருவாக்கி வருகிறேன். வெளியார் உள்ளே வரக்கூடாது, உள்ளிருப்பவர் வெளியே போகக்கூடாது என்பது அதன் முதற்சட்டம். நாட்டை நிறுவிய அரசி போரிலிருந்து தன் மக்களைக் காப்பாற்றிக் கணவாய் வழியாக அழைத்து வருகிறாள். கடைசி ஆள் கடந்ததும் பாலத்தைத் தன் கையாலேயே வெட்டி வீழ்த்துகிறாள். அன்றிலிருந்து முந்நூறு ஆண்டுகளாக நாடு மூடியே இருக்கிறது. படித்துப் பார்த்த இருவர், காட்சி அழகாக இருக்கிறது, ஆனால் நாட்டை நம்ப முடியவில்லை என்கிறார்கள். குறை எங்கே இருக்கிறது?

ஜனவரி 6, இரவு

பாலத்தை வெட்டும் காட்சி நன்றாகவே வந்திருக்கிறது. அதை நீக்கச் சொல்ல மாட்டேன். நம்பிக்கை உடைவது அதற்கு அடுத்த வரியில், "அன்றிலிருந்து" என்று நீங்கள் எழுதிய இடத்தில். ஒரு நாடு பிறப்பதும் அது மூடப்படுவதும் ஒரே நாளில் நடப்பவை அல்ல.

மூடிய நாடு என்றதும் நினைவுக்கு வரும் ஜப்பானையே எடுத்துக்கொள்ளுங்கள். தோக்குகாவா ஆட்சியைத் தொடங்கிவைத்த இயெயாசு 1603இல் ஷோகுன், அதாவது நாட்டை உண்மையில் ஆளும் படைத்தலைவர், ஆனார். அவர் காலத்தில் செம்முத்திரை பதித்த உரிமம் பெற்ற கப்பல்கள் தென்கிழக்கு ஆசியத் துறைமுகங்களுக்குப் போய் வந்துகொண்டிருந்தன. சயாமின் ஆயுத்தயாவில் ஜப்பானியருக்கென்று தனிக் குடியிருப்பே இருந்தது. ஜப்பானியர் கடல்கடந்து போகக்கூடாது, போனவர் திரும்பி வந்தால் மரண தண்டனை என்ற ஆணை 1635இல், அவருடைய பேரன் இயெமிட்சுவின் காலத்தில்தான் பிறந்தது. போர்ச்சுக்கீசியர் வெளியேற்றப்பட்டது 1639இல். எஞ்சிய டச்சுக்காரர்கள் நாகசாகியின் தேஜிமா தீவுக்குள் ஒதுக்கப்பட்டது 1641இல். பாட்டனார் நிறுவியதைப் பேரன் மூடினார்; அதையும் ஆணைமேல் ஆணையாக, சில ஆண்டுகளில் சிறிது சிறிதாகச் செய்தார்.

உங்கள் அரசிக்கும் ஒரு பேரனைக் கொடுங்கள்.

ஜனவரி 7

நேற்று எழுதியதில் "எப்போது" மட்டும் இருந்தது, "ஏன்" விடுபட்டுப்போனது. இரண்டாவதுதான் கதைக்கு உயிர்.

1635ஆம் ஆண்டை மறுபடியும் பாருங்கள். கடல்கடந்து போவதைத் தடுத்த அதே ஆண்டில், பிரபுக்கள் முறைவைத்து ஷோகுனின் தலைநகரான எடோவுக்கு (இன்றைய டோக்கியோ) வந்து தங்க வேண்டும், தங்கள் மனைவி மக்களை அங்கேயே விட்டுச்செல்ல வேண்டும் என்ற ஏற்பாடு சட்டமானது. 500 கொக்கு (அரிசியை அளக்கும் ஜப்பானிய அளவை) கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்களைக் கட்டுவதும் தடைசெய்யப்பட்டது. இவை மூன்றும் ஒரே கையிலிருந்து வந்தவை. மேற்குக் கரையின் பிரபுக்களுக்குக் கடல் வாணிகத்தால் செல்வமும் துப்பாக்கியும் சேருவதை எடோ அஞ்சியது. 1614இல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்ட கிறித்தவம் எந்தப் பிரபுவின் நிழலில் வளர்கிறது என்பதையும் அது கவனித்துக்கொண்டிருந்தது. 1637இல் ஷிமாபாராவில் எழுந்த கிளர்ச்சி அந்த அச்சத்தை உறுதிப்படுத்தியது. வெளியாரைக் கண்ட பயத்தைவிட, வெளியாரோடு கைகோக்கக்கூடிய உள்நாட்டுப் பிரபுவைக் கண்ட பயம் பெரிதாக இருந்தது என்றே நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

ஆகவே உங்கள் நாட்டைப் பற்றி நான் முதலில் கேட்பது, கணவாய் எந்தக் குடியின் நிலத்தில் இருக்கிறது என்பதைத்தான். அந்தக் குடி பணக்காரக் குடியாகத்தான் இருக்கும். வாயிலை அடைக்கும் ஆணை அந்தக் குடியின் அடுப்பில் தண்ணீர் ஊற்றும் ஆணை. அதை அவர்கள் எதிர்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். உங்கள் தோற்ற வரலாற்றில் ஒரு உள்நாட்டுப் போர் விடுபட்டிருக்கிறது.

ஜனவரி 9

"என் மக்கள் போருக்கு அஞ்சி ஓடிவந்தவர்கள். உள்ளே எல்லாம் விளைகிறது. அவர்கள் ஏன் வெளியே பார்க்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குப் பதில் சொல்ல என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நானும் ஒரு காலத்தில் இப்படி ஒரு மேட்டுநாட்டை எழுதினேன். வரைபடம் வரைவதிலேயே இரண்டு ஆண்டுகள் போயின. எனக்கு முன்மாதிரியாக இருந்தது பாரியின் பறம்பு. மூவேந்தரும் முற்றுகையிட்டிருக்கையில் கபிலர் அவர்களிடம் சொல்வதாக அமைந்த புறநானூற்றின் 109ஆம் பாட்டில், அந்த மலை "உழவர் உழாதன நான்கு பயன் உடைத்தே" என்று வருகிறது. மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கும் உழாமலே கிடைக்கும். ஆகவே முற்றுகையால் இந்த மலையை வெல்ல முடியாது என்பது வாதம். அந்த நான்கையும் கொஞ்சம் பெருக்கி, ஒரு நாட்டையே முந்நூறு ஆண்டுகள் உயிரோடு வைத்துவிடலாம் என்று நம்பினேன்.

கைப்பிரதியைப் படித்த ஒரு நண்பர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உப்பு எங்கிருந்து வருகிறது?"

எனக்குப் பதில் இல்லை. கபிலரின் பட்டியலிலும் உப்பு இல்லை. முற்றுகை சில மாதங்களோ ஆண்டுகளோ நீடிக்கும். அதுவரை சேமிப்பு தாங்கும். முந்நூறு ஆண்டுகளுக்குச் சேமிப்பு தாங்காது. கடலற்ற மலைநாடு உப்புப் பாறையோ உப்பூற்றோ வைத்திருக்க வேண்டும். இல்லையெனில் யாரோ ஒருவர் மூட்டையோடு கணவாய் ஏறி வந்தே ஆக வேண்டும். பிறகு 116ஆம் பாட்டைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. பறம்பு வீழ்ந்துவிட்டது. முன்பு நெடுமலை உச்சியில் ஏறி, படையெடுத்து வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணிய பாரியின் மகளிர், இப்போது ஒரு குப்பைமேட்டில் ஏறி நின்று உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுகிறார்கள். அரசு இருந்த காலத்தில் எண்ணத் தக்கது குதிரை; அரசு போன பின் எண்ணக் கிடைப்பது உப்பு வண்டி. என் நாட்டின் உண்மையான வாசல் எது என்பதை அந்த வண்டிகள்தான் காட்டின.

உப்பைத் தீர்த்தால் இரும்பு வரும், அதையும் தீர்த்தால் மருந்து வரும். ஒவ்வொன்றுக்கும் விடை எழுதுங்கள். கிடைக்காத ஒரு பொருளுக்கு மட்டும் விடை எழுதாமல் விடுங்கள்; உங்கள் நாவல் அதிலிருந்து வளரும்.

ஜனவரி 10

முதல் நாள் நான் எழுதியதைத் திருத்துகிறேன். பிறப்பும் மூடலும் ஒரே நாளில் நடப்பதில்லை என்று பொதுவிதிபோலச் சொன்னேன். சீனாவின் மிங் அரசமரபு நிறுவப்பட்டது 1368இல். நிறுவிய ஹொங்வு பேரரசரே 1371இல் தனியார் கடல் வாணிகத்தைத் தடுத்தார். இடைவெளி மூன்றே ஆண்டுகள். எனவே நிறுவியவரே மூடுவதும் நடக்கும்.

ஆனால் அதை அடுத்து நடந்ததையும் பாருங்கள். அதே அரசமரபு 1405 முதல் 1433 வரை கடற்படைத் தலைவர் செங் ஹேயின் மாபெரும் கப்பற்படைகளை இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பியது. குடிமக்களுக்குக் கடல் மூடப்பட்டிருந்தது, அரசுக்குத் திறந்திருந்தது. மூடிய நாடு என்ற சொல்லைப் பயன்படுத்தும்போதெல்லாம் "யாருக்கு மூடியது" என்று கேட்கும் பழக்கம் எனக்கு இங்கிருந்துதான் வந்தது. தடையின் விளைவும் கவனிக்கத் தக்கது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் சீனக் கரையைச் சூறையாடிய "ஜப்பானியக் கடற்கொள்ளையரில்" பெரும்பாலோர் சீனரே. வாணிகம் செய்ய முடியாத வணிகர் கொள்ளையரானார்கள். 1567இல் யூயேகாங் துறைமுகத்தில் தடை தளர்த்தப்பட்டது.

உங்கள் கணவாய்க் குடி என்ன ஆயிற்று என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது.

ஜனவரி 14

வாசல்களைப் பற்றி. உங்கள் பாலம் வெட்டப்பட்டுவிட்டதால், முந்நூறு ஆண்டுகளில் ஒருவர்கூட உள்ளே வரவில்லை என்கிறீர்கள். முழுமையாக அடைபட்ட நாட்டைவிட, ஒரு சிறு துளை வைத்து அடைக்கப்பட்ட நாடு நூறு மடங்கு அதிகக் கதை சொல்லும்.

ஜப்பானில் அப்படி நான்கு வாயில்கள் இருந்தன. நாகசாகியில் டச்சுக்காரரும் சீனரும் வந்தார்கள். சுஷிமா தீவின் பிரபு கொரியாவோடான உறவைக் கவனித்தார். தெற்கில் சத்சுமா என்னும் பிரபுநாடு ரியூக்யூ தீவுகளின் வழியாக வாணிகம் செய்தது. வடக்கில் மட்சுமாயே என்னும் பிரபுநாடு அங்குள்ள பூர்வகுடிகளான ஐனு மக்களோடு பண்டமாற்று நடத்தியது. இவற்றில் தேஜிமாவை விரிவாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அது விசிறி வடிவில், ஏறத்தாழ 120 மீட்டர் நீளமும் 75 மீட்டர் அகலமும் கொண்ட செயற்கைத் தீவு. போர்ச்சுக்கீசியரை அடைப்பதற்காகக் கட்டப்பட்டு 1636இல் முடிந்தது. அதையும் நகரையும் இணைத்தது ஒரே ஒரு பாலம். உங்கள் அரசி பாலத்தை வெட்டினாள். ஜப்பானோ பாலத்தைக் கட்டி அதற்குக் காவல் போட்டது. அந்தப் பாலத்தின் வழியாகப் பட்டும் சர்க்கரையும் வந்தன, வெள்ளியும் செம்பும் போயின. ஆண்டுதோறும் வரும் டச்சுக் கப்பல் வெளியுலகச் செய்திகளை எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. மக்களுக்குத் தெரியாத உலகம் ஷோகுனின் மேசைக்கு ஆண்டுதோறும் வந்து சேர்ந்தது.

இந்தக் கடைசி வரிதான் உங்களுக்கு உதவும். மூடிய நாட்டில் செய்தி என்பது அரசின் தனிச் சொத்து. வாயிலில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அந்தச் செய்தியைத் தொட்டுக்கொண்டே வாழ்கின்றன. நாகசாகியில் அப்படிப்பட்ட குடும்பங்கள் இருந்தன. என் மேட்டுநாட்டை மறுபடி எழுதியபோது அரசவையிலிருந்து கதையை எடுத்து, அத்தகைய ஒரு குடும்பத்தின் வீட்டில் வைத்தேன். அன்றுதான் அது நகரத் தொடங்கியது.

ஜனவரி 15

மந்திரச் சுவர் வைத்தால் இந்தச் சிக்கல்கள் எல்லாம் தீர்ந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தீர்ந்துவிடும், கதையும் சேர்ந்து தீர்ந்துவிடும். மந்திரம் வேண்டுமானால், அன்றாடம் யாரோ காவல் இருந்து, செலவு செய்து, உயிர் கொடுத்துக் காக்க வேண்டிய சுவராக அது இருக்கட்டும்.

ஜனவரி 20

நிறுவியவரைப் பற்றி இன்னும் சிறிது. இதற்கு இரண்டு மாதிரிகள் என் மனத்தில் இருக்கின்றன.

ஒன்று பராகுவே. 1811இல் விடுதலை, 1814இல் ஹோசே காஸ்பார் ரோட்ரிகஸ் தெ ஃபிரான்சியா சர்வாதிகாரியானார், 1840இல் சாகும்வரை நாட்டை ஏறத்தாழ அடைத்தே வைத்திருந்தார். கடலில்லாத நாடு, கடலுக்குப் போகும் ஆற்றுவழி புவெனஸ் ஐரிஸின் பிடியில் இருந்தது. அந்நகரமோ பராகுவேயின் விடுதலையை ஏற்க மறுத்தது. பராகுவே தன் கதவைச் சாத்துவதற்கு முன்பே வெளியிலிருந்து யாரோ அதைத் தாழிட்டிருந்தார்கள். ஃபிரான்சியா அந்தத் தாழையே கொள்கையாக்கி, பிலார், இத்தாபுவா என்னும் இரு இடங்களில் மட்டும் வாணிகத்தை அனுமதித்தார். தேநீர்போல ஊறவைத்துக் குடிக்கும் யெர்பா இலையைப் பரானா ஆற்றின் மறுகரையில் பயிரிட்ட குற்றத்துக்காக, பிரெஞ்சுத் தாவரவியலாளர் போன்பிளானை அவருடைய படைவீரர்கள் 1821இல் எல்லை தாண்டிச் சென்று பிடித்து வந்தார்கள். அவர் பல ஆண்டுகள் அந்நாட்டில் அடைபட்டு, சுற்றுவட்டார மக்களுக்கு மருத்துவம் பார்த்து வாழ்ந்தார். நாட்டின் முதன்மை விளைபொருளைக் காக்க ஓர் அறிஞரைக் கடத்துவது: இதை நான் கற்பனை செய்திருந்தால் மிகை என்று நீக்கியிருப்பேன்.

மற்றொன்று பூடான். அதை ஒருங்கிணைத்த ஷப்துருங் ஙவாங் நம்கியால் 1616இல் திபெத்திலிருந்து தப்பி வந்தவர். உங்கள் அரசியைப் போலவே கணவாய் கடந்து வந்தவர். ஆனால் 1627இல் கசெல்லா, கப்ரால் என்னும் இரண்டு போர்ச்சுக்கீசியப் பாதிரியார்கள் வந்தபோது அவர்களை வரவேற்றுத் தங்கவைத்தவரும் அவரே. பிற்காலத்தில் தனித்திருப்பதற்குப் பெயர்பெற்ற நாட்டின் நிறுவனர் விருந்தோம்பியாக இருந்தார். 1651இல் அவர் தியானத்தில் அமர்ந்தார். அவர் இறந்த செய்தி ஏறத்தாழ அரை நூற்றாண்டு மறைக்கப்பட்டது. தியானம் தொடர்கிறது என்று சொல்லப்பட்டது, ஆட்சி அவர் பெயரிலேயே நடந்தது.

இதை எழுதிவிட்டு நெடுநேரம் யோசித்தேன். மூடிய கதவுக்குப் பின்னால் நிறுவனர் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு நாடே நம்பும்போது, அந்தக் கதவைத் திறப்பவர் யாராக இருந்தாலும் அவர் நிறுவனரைக் கொன்றவராகிவிடுவார். உங்கள் அரசி எப்போது இறந்தாள், அதை யார் அறிவித்தார்கள் என்று எங்கும் எழுதவில்லையே. எழுதாததை வேண்டுமென்றே எழுதாததாக மாற்றிவிடுங்கள்.

ஜனவரி 24

திரும்பி வருகிறவரை என்ன செய்வது? இந்த விதியை முதலில் எழுதினால் மற்ற விதிகள் தாமே வந்துவிடும்.

கோதாயூ என்னும் ஜப்பானிய மாலுமித் தலைவர் புயலில் அடித்துச் செல்லப்பட்டு 1783இல் அலூசியன் தீவு ஒன்றில் கரையேறினார். சைபீரியாவைக் கடந்து, 1791இல் பேரரசி இரண்டாம் கேத்தரினையே நேரில் கண்டு ஊர் திரும்ப அனுமதி பெற்று, 1792இல் நாடு வந்து சேர்ந்தார். சட்டப்படி அவருக்கு மரணம். அரசு அவரைக் கொல்லவில்லை. எடோவில் கண்காணிப்பில் வைத்து, அறிஞரைக் கொண்டு விசாரித்து, அவர் கண்டதையெல்லாம் எழுதி வாங்கியது. சட்டம் அவருடைய உயிரைக் கேட்டது, அரசுக்கோ அவருடைய நினைவுதான் தேவைப்பட்டது.

கொரியாவில் நிலைமை தலைகீழ். 1653இல் ஜேஜு தீவில் கப்பல் உடைந்து கரையேறிய ஹெண்ட்ரிக் ஹாமலும் தோழர்களும், வந்தவர் திரும்பிப் போக முடியாது என்ற விதியின்கீழ் பதின்மூன்று ஆண்டுகள் வைத்துக்கொள்ளப்பட்டார்கள். 1666இல் அவர்களில் எட்டுப் பேர் படகில் தப்பி நாகசாகிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் முதன்முதலாகப் பிடிபட்டபோது மொழிபெயர்க்க வந்தவர், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே தங்கிவிட்டிருந்த இன்னொரு டச்சுக்காரர். அவருக்குத் தாய்மொழி ஏறக்குறைய மறந்தே போயிருந்தது. தன் ஊர்க்காரரின் முன் நின்றுகொண்டு சொற்களைத் தேடும் அந்த மனிதரை என்னால் மறக்க முடிவதில்லை. தனிமைக் கொள்கையின் விலையைக் காட்ட எனக்குத் தெரிந்தவற்றில் இதைவிட வலுவான காட்சி இல்லை; போர்க்களம்கூட இதற்கு ஈடாகாது.

ஜனவரி 31

இத்தனை நாள் சுற்றியதெல்லாம் இந்த ஓர் இடத்துக்கு வருவதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

"அன்றிலிருந்து மூடியே இருக்கிறது" என்ற வாக்கியத்தை யார் எழுதியது? நடந்ததை அருகிலிருந்து பார்த்தவர் அதை எழுதியிருக்க முடியாது. 1804இல் ருசியத் தூதர் ரெசானவ் வாணிக உறவு கேட்டு நாகசாகிக்கு வந்தார். பல மாதங்கள் காக்கவைக்கப்பட்டு, 1805இல் மறுப்பைப் பெற்றுத் திரும்பினார். சில நாடுகளைத் தவிர மற்றவரோடு உறவு கொள்ளாதிருப்பது முன்னோர் வகுத்த சட்டம் என்பது அந்த மறுப்பின் சாரம். இயெயாசுவின் செம்முத்திரைக் கப்பல்கள் அந்த நினைவிலிருந்து அழிந்துபோயிருந்தன. 1630களில் அச்சத்தாலும் கணக்காலும் ஒவ்வொன்றாகப் பிறந்த ஆணைகள், 170 ஆண்டுகள் கழித்து, தொடக்கத்திலிருந்தே இருந்த ஒரே சட்டமாகத் திரண்டிருந்தன.

இன்னும் ஒன்று. "நாட்டை மூடுதல்" என்று பொருள்படும் சாக்கோக்கு என்ற சொல்லே அந்த ஆணைகளில் இல்லை. 1690 முதல் 1692 வரை தேஜிமாவில் மருத்துவராக இருந்த ஜெர்மானியர் கேம்ஃபர், ஜப்பான் தன்னை அடைத்துக்கொண்டது சரியே என்று வாதிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அதன் டச்சு வடிவத்தை முன்னாள் மொழிபெயர்ப்பாளர் ஷிசுகி தடாவோ 1801இல் ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தபோது, அதற்குத் தலைப்பாக உருவாக்கிய சொல் அது. தன்னை மூடிய நாடு என்று அழைக்க, வாயில் வழியாக வந்துபோன ஒரு வெளியாளின் எழுத்து தேவைப்பட்டது. கொரியாவிலும் மேலைநாட்டாரோடு சமாதானம் பேசுவது நாட்டை விற்பதற்குச் சமம் என்று கல்லில் பொறித்து ஊரெங்கும் நட்டது 1871இல். 1876இல் ஜப்பானோடு ஒப்பந்தம் செய்து துறைமுகம் திறக்க வேண்டியதாயிற்று. கொள்கை உறுதியாக இருந்த காலத்தில் அதற்குக் கல் தேவைப்படவில்லை.

ஆகவே என் முடிவான கருத்து இது. உங்கள் நாட்டுக்கு இரண்டு தோற்ற வரலாறுகள் வேண்டும். முதலாவது நடந்தது: ஓடிவந்த மக்கள், வெட்டப்படாத பாலம், பாலத்தில் சுங்கம் வாங்கிச் செழித்த குடி, அந்தச் செழிப்பைப் பொறுக்காத பேரன், ஓர் உள்நாட்டுப் போர், ஒன்றன்பின் ஒன்றாக ஆணைகள். இரண்டாவது சொல்லப்படுவது: அரசி, கோடரி, கடைசி ஆள். இரண்டாவதை நாடு முழுவதும் பிள்ளைகள் மனப்பாடம் செய்யட்டும். முதலாவதை அறிந்தவர்கள் வாயில் காக்கும் ஒரு குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் மட்டும் இருக்கட்டும். உங்கள் கோடரிக் காட்சியை நீக்க வேண்டாம் என்று முதல் நாளே சொன்னேன். அது வரலாறாக இருந்தபோது கனக்கவில்லை, அந்நாட்டு மக்களின் நம்பிக்கையாக ஆகும்போது கனக்கும்.

பிப்ரவரி 8 (வாசகர்)

மாற்றி எழுதிவிட்டேன். பாலம் அரசியின் காலத்தில் வெட்டப்படவில்லை. அவளே அதைப் பழுதுபார்த்து அகலப்படுத்தினாள். அவள் பேரன்தான் கணவாய்க் குடியை ஒடுக்கிய பிறகு அதை எரித்தான். ஒரே ஒரு கயிற்றுப் பாலத்தை மட்டும் உப்புக்காக விட்டுவைத்தான். ஆனால் ஒரு சிக்கல்: பாலம் எரிந்தது என்றால், அரசி கோடரியால் வெட்டினாள் என்ற கதையை மக்கள் எப்படி நம்புவார்கள்? கரிந்த தூண்கள் இன்னும் நிற்குமே.

பிப்ரவரி 9

தூண்கள் நிற்கட்டும். ஆண்டுக்கு ஒரு நாள் மக்கள் அங்கே கூடி, ஒவ்வொருவரும் தூணில் ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போவது வழக்கமாக இருக்கட்டும். முந்நூறு ஆண்டுகளில் கரியெல்லாம் உதிர்ந்து, தூண் முழுவதும் கோடரித் தழும்பாகியிருக்கும். உப்பு மூட்டை சுமந்து கயிற்றுப் பாலத்தில் வருகிறவன் மட்டும், தூணின் மறுபக்கத்தை, வெளியுலகம் நோக்கிய பக்கத்தை, ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டே வருகிறான். அந்தப் பக்கத்தில் யாரும் வெட்டியதில்லை.